உஷார்! இடுப்பு மூட்டு சொல்லாமல் விலகும்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், வயது இரண்டோ பதினாறோ, முதலில் பீரோவைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். தலைக்கு எடுத்த ஸ்கேன் இருக்கும், ஒன்றுக்கு இரண்டாகக்கூட இருக்கும். வலிப்புக்கு எடுத்த ஈ.ஈ.ஜி. இருக்கும். மதுரையில் பார்த்தது, தேனியில் பார்த்தது, யாரோ சொன்னார்கள் என்று கோட்டயம் வரை போய்ப் பார்த்தது எல்லாம் இருக்கும். அந்தக் கட்டுக்குள் இடுப்பு எக்ஸ்ரே ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், அல்லது கடைசியாக எடுத்து ஒரு வருடம் தாண்டியிருந்தால், இந்த வாரமே கிளம்ப வேண்டும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்களே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். குச்சனூர், மார்க்கையன்கோட்டை, சின்னமனூர், உத்தமபாளையம் என்று இந்தப் பள்ளத்தாக்கு நெடுகத் திண்ணையிலும் தூளியிலும் பழைய சக்கர நாற்காலியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாரும் அவர்களுடைய தலையைப் பற்றியே பேசுகிறோம். மூளையில் பட்ட காயம் பட்டதுதான், அது வளராது, பரவாது. மருத்துவம் இந்தக் குறைபாட்டை வரையறுப்பதே அப்படித்தான்: வளர்ந்துகொண்டிருந்த மூளையில் ஒரு முறை ஏற்பட்டு, அதற்குமேல் பெரிதாகாத பாதிப்பு, அதனால் அசைவிலும் உடம்பை நிறுத்துவதிலும் நிலைத்துவிட்ட கோளாறு. 'இனி மோசமாகாது' என்று டாக்டர் சொன்னதை அப்பா அம்மா நெஞ்சில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். சொன்னது மூளைக்குப் பொருந்தும். உடம்புக்குப் பொருந்தாது.

உடம்பு வளர்கிறது. எலும்பு நீள்கிறது. இறுகிய தசைக்கு எலும்போடு சேர்ந்து நீளத் தெரியாது. வில் வளர வளர நாண் மட்டும் அதே நீளத்தில் நின்றால் வில் என்ன ஆகுமோ, அதுதான் இந்தப் பிள்ளைகளின் கால்களுக்கும் முதுகுக்கும் ஆகிறது. வளைகிறது, திருகுகிறது, கடைசியில் மூட்டே இடம் மாறுகிறது.

இதில் இடுப்பு மூட்டுதான் மிகவும் வஞ்சகமானது. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பு எலும்பில் அது உட்காரும் கிண்ணம். பிள்ளை நின்று, நடந்து, உடம்பின் பாரம் அதன்மேல் இறங்கும்போதுதான் கிண்ணம் ஆழமாகிறது. நிற்காத பிள்ளைக்குக் கிண்ணம் ஆழமாவதில்லை. கூடவே, தொடையை உள்பக்கம் இழுக்கும் தசைகள் இரவும் பகலும் இறுகிக்கொண்டே இருப்பதால் பந்து மெல்ல மெல்ல வெளியே நகர்கிறது. ஆரம்பத்தில் வலி இல்லை, வீக்கம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கை தேர்ந்த மருத்துவரே தொட்டுப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. படம் எடுத்தால்தான் தெரியும். வலி வந்து, தொடையை அகட்ட முடியாமல், ஒரு கால் குட்டையாகத் தெரியும் நேரத்தில் பாதி விளையாட்டு முடிந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு விலகியிருந்தது. தானாக நன்றாக நடக்கிற பிள்ளைகளிடம் அது இல்லை. தலைகூட நிற்காத, மிகக் கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இருந்தது. ஆக, எந்தப் பிள்ளை குறைவாக அசைகிறதோ, எந்தப் பிள்ளையை வெளியே தூக்கிப்போவது கஷ்டமோ, அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவது முதலில் நின்றுபோவதும் அதே பிள்ளைக்குத்தான்.

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் 1994 முதல் ஒரு காரியம் செய்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஒரு பதிவேட்டில் சேர்த்து, வயதுக்கும் பாதிப்புக்கும் ஏற்றபடி இடுப்பைப் படமெடுத்துக்கொண்டே வருவது. நகர ஆரம்பித்ததுமே சிகிச்சை. அதற்கு முன்பு நூறு பிள்ளைகளில் எட்டொன்பது பேருக்கு இடுப்பு முழுதாகக் கழன்றுபோனது. கண்காணிப்பு வந்தபின் அது அரை சதவீதத்தை ஒட்டிக் குறைந்துவிட்டது. புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை. சின்னமனூரிலும் கம்பத்திலும் கிடைக்கிற அதே எக்ஸ்ரேதான், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இந்தியாவிலும் மூளை முடக்குவாதத்துக்கான மருத்துவர் அமைப்பும் குழந்தை எலும்பு மருத்துவர் அமைப்பும் சேர்ந்து நமக்கென்று இடுப்புக் கண்காணிப்பு நெறிமுறை வகுத்திருக்கின்றன. காகிதத்தில் இருக்கிறது. அது உங்கள் பிளாஸ்டிக் பைக்குள் வர வேண்டும்.

படம் எடுக்கும்போது நீங்களும் உஷாராக இருங்கள். பிள்ளை நேராக மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இடுப்பு ஒருபக்கம் சாயக் கூடாது, கால்கள் கத்தரிக்கோல் போட்டுக்கொள்ளக் கூடாது, முழங்கால் சில்லு இரண்டும் கூரையைப் பார்க்க வேண்டும். கோணலாக எடுத்த படம் பொய் சொல்லும். எலும்பு டாக்டரிடம் காட்டும்போது "மைக்ரேஷன் பர்சன்டேஜ் எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள். பந்தில் எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே நிற்கிறது என்ற கணக்கு அது. 30-ஐத் தாண்டினால் கவனம் வேண்டிய நிலை. அந்த எண்ணைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிட வேறு வழியில்லை. தாங்கிப்பிடித்து நடக்கிற பிள்ளைக்கும் நடக்கவே முடியாத பிள்ளைக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அடுத்த படம் எப்போது என்பதையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். 'வலி இல்லையே, எதுக்கு?' என்று யாராவது திருப்பி அனுப்பினால் திரும்பாதீர்கள். வலி வருவதற்கு முன்னால் எடுப்பதற்குத்தான் இந்தப் படம்.

இப்போது குச்சனூருக்கு வருகிறேன். சுரபி நதிக்கரையில் சுயம்புவாக நிற்கும் சனீஸ்வரரைப் பார்க்க, ஆடி மாதச் சனிக்கிழமைகளில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கை கால் வராத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்மார்களும் உண்டு. சனி பகவானே ஒரு கால் ஊனமானவர் என்பது நம் கதை மரபு. மெதுவாக நடப்பவர் என்பதும். அந்தச் சந்நிதியில் ஒரு தாய்க்குக் கிடைக்கிற ஆறுதலை நான் சின்னதாக நினைக்கவில்லை. எள் விளக்கு ஏற்றுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் சாமிக்கும் இடையில் உள்ளது.

ஆனால், "ஏழரை முடியட்டும், எந்திரிச்சு நடந்துருவான்" என்று யாராவது சொன்னால் அங்கே உஷாராகிவிடுங்கள். ஏழரை ஆண்டு என்பது இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கொடூரமான கணக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்து, 2002-இல் வெளியிட்டார்கள். தலை நிற்பது, உட்காருவது, தவழ்வது, நிற்பது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளில் ஒரு பிள்ளை எட்டக்கூடிய உயரத்தில் 90 சதவீதத்தை, லேசான பாதிப்பு என்றால் ஐந்து வயதை ஒட்டி எட்டிவிடுகிறது. மிகக் கடுமையான பாதிப்பு என்றால் மூன்று வயது நிறைவதற்குள்ளேயே. அதே குழுவினர் அந்தப் பிள்ளைகளை 21 வயது வரை தொடர்ந்து பார்த்து 2009-இல் இன்னொன்றும் சொன்னார்கள். பிடித்து நடக்கிறவர்களும் நடக்க முடியாதவர்களும் ஏழு எட்டு வயதில் உச்சத்தைத் தொடுகிறார்கள்; அதன்பின் இருந்ததும் மெல்லக் குறைகிறது. ஏழரை முடிந்து நல்ல காலம் பிறக்கும் என்று நீங்கள் காத்திருக்கிற அதே வயதில், பிள்ளை தன்னால் முடிந்த உச்சத்தைக் கடந்து இறங்க ஆரம்பித்திருக்கும்.

பிள்ளைக்கு ஏற்கெனவே பத்து வயது என்றால் மனம் உடைய வேண்டாம். அந்தக் கணக்கு பெரிய அசைவுகளுக்கு மட்டும்தான். பேச்சு, படிப்பு, கையால் செய்யும் வேலை, நாற்காலியைத் தானே ஓட்டுவது எல்லாம் அதற்குப் பிறகும் வளரும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு கிடையாது. அதை மறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தே 'இது இருந்து என்ன பண்ண' என்று பேசுகிறவர்களை நிறுத்துங்கள், அது உங்கள் சொந்த அத்தையாக இருந்தாலும் சரி.

பத்து வயதுக்கு மேலான பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சின்னக் குழந்தைக்கு மருந்து, தெரபி என்று எல்லாரும் ஓடுகிறோம். பூப்பெய்தும் வயதிலும் மீசை அரும்பும் வயதிலும் விட்டுவிடுகிறோம். எலும்பு வேகவேகமாக நீள்கிற காலம் அதுதான். பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னதாக, பையனுக்குக் கொஞ்சம் பின்னதாக. ஒரே வருடத்தில் ஆள் மளமளவென்று உயர்ந்துவிடுவான்; தசை பின்தங்கிவிடும்; உடம்பின் எடையும் கூடிவிடும். எட்டாவது வரை சுவரைப் பிடித்து வகுப்புக்குப் போன பையன் ஒன்பதாவதில் முழங்காலை மடக்கிக் குந்தியபடியே நடப்பான். பத்தாவதில் உட்கார்ந்துவிடுவான். வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "நல்லாத்தான நடந்தான், இப்ப சோம்பேறி ஆயிட்டான்." சோம்பேறித்தனம் இல்லை. முழங்காலை மடக்கியபடி பத்தடி நடப்பதற்கு அந்தப் பிள்ளை செலவழிக்கிற தெம்பு, நீங்கள் நிமிர்ந்து நடக்கச் செலவழிப்பதைவிடப் பல மடங்கு. சாயங்காலம் வந்து சுருண்டு படுத்தால் திட்டாதீர்கள். நடை மாறுகிறது என்பதைச் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இங்கே ஓர் எச்சரிக்கை, அறுவை சிகிச்சை பற்றியது. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு, குதிகால் பின்னால் இருக்கும் தசைநாணை நீட்டி விடுகிறார்கள். நம் ஊரில் நரம்பு ஆபரேஷன் என்பார்கள். சரியான வயதில், சரியான பிள்ளைக்கு, இடுப்பு முழங்கால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் செய்தால் நல்லது. இரண்டு காலும் இறுகிய சின்னப் பிள்ளைக்குக் குதிகாலை மட்டும் அவசரப்பட்டு நீட்டிவிட்டால், குதிகால் தரையில் படும், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சில வருடம் கழித்து முழங்கால் மடங்கிக் குந்தும் நடை வந்துவிடும். இதைத் திருப்புவது மிகக் கடினம். 'சின்ன ஆபரேஷன், ஒரே நாள்' என்று யார் சொன்னாலும் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர் இன்னொருவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதுகும் இந்த வயதில்தான் பக்கவாட்டில் வளைகிறது. வாரம் ஒரு முறை குளிப்பாட்டும்போது சட்டையைக் கழற்றி உட்கார வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு தோள் இறங்கியிருக்கிறதா, இடுப்பு ஒருபக்கம் தூக்கியிருக்கிறதா, விலா ஒருபக்கம் புடைக்கிறதா? வளைவு கூடக் கூட மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் இடம் குறையும். எட்டு வயதில் கொடுத்த சக்கர நாற்காலியில் பதினான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால், அந்த நாற்காலியே முதுகை வளைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் பள்ளமாகத் தொங்கும் ரெக்சின் சீட்டும் அப்படித்தான். அடியில் ஒரு பலகை, அதன்மேல் கெட்டியான மெத்தை, பாதம் தரையிலோ பலகையிலோ படும்படி ஒரு தாங்கு. இவ்வளவுகூட இல்லாமல் மணிக்கணக்கில் உட்கார வைக்காதீர்கள்.

தூளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலை இருட்டோடு ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய், பிள்ளையை ஆத்தாவிடம்தான் விட்டுப் போக முடியும். ஆத்தாவுக்கு முட்டி வலி. நாலு வயதுப் பிள்ளை தூளியில் போட்டால்தான் அழாமல் கிடக்கிறான், அதனால் நாள் முழுக்கத் தூளி. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் தூளியில் முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, கால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, இறுகவே கூடாத நிலையிலேயே உடம்பு இறுகுகிறது. தூங்குகிற நேரத்துக்கு மட்டும் தூளி போதும், அதுவும் கைக்குழந்தைக்கு மட்டும். மற்ற நேரத்துக்குச் சுவர் மூலையில் முதுகைச் சாய்த்து, கால்களுக்கு நடுவே சுருட்டிய சேலையை வைத்து, காலை அகட்டி உட்கார வையுங்கள். கவிழ்த்துப் படுக்க வைத்து நெஞ்சுக்குக் கீழே தலையணை கொடுத்தால் தலையைத் தூக்கப் பழகும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு நடக்கும்போது நம் பாட்டிகள் ஒக்கலில் வைப்பார்களே, இரண்டு காலையும் அகட்டி, அதுதான் இந்தப் பிள்ளைகளுக்கும் ஏற்றது. கைக்குழந்தையைப் போல இரண்டு கையிலும் கிடத்தித் தூக்குவதைவிட எவ்வளவோ மேல். இரவில் முழங்கால் இரண்டும் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் நடுவில் தலையணை கொடுங்கள். தொடர்ந்து அப்படியே கிடந்தால் இடுப்பும் முதுகும் சேர்ந்து திருகிவிடும்.

பாசத்தால் செய்கிற ஆபத்துகள் இன்னும் இருக்கின்றன. எண்ணெய் போட்டு மெதுவாக நீவுவதில் தப்பில்லை. 'கை கால் இறுக்கத்தை எடுக்கிறேன்' என்று பிள்ளை அலற அலற இழுத்து மடக்குவது வேறு. நிற்காத பிள்ளைகளின் எலும்பு மெலிந்திருக்கும். வருடக்கணக்கில் சாப்பிடும் சில வலிப்பு மாத்திரைகளும் எலும்பை இன்னும் மெலிய வைக்கும். சட்டை மாற்றும்போதே தொடை எலும்பு முறிந்த பிள்ளைகள் உண்டு. வேகமாக இழுத்தால் இறுகிய தசை இன்னும் இறுகும். மெதுவாக இழுத்துச் சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தால்தான் இளகும். இடுப்பளவு குழி வெட்டி மண்ணைப் போட்டு நிற்க வைக்கிற பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கர்நாடகத்தின் கலபுரகிப் பக்கம் ஊனமுள்ள குழந்தைகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்த படத்தை நாடே பார்த்தது. நிற்க வைப்பது நல்ல எண்ணம்தான். அதற்கு நெஞ்சு, இடுப்பு, முழங்கால் மூன்றையும் தாங்கி, பாதத்தைத் தட்டையாக வைக்கிற ஸ்டாண்டிங் ஃபிரேம் இருக்கிறது. தச்சரே அளவெடுத்துச் செய்து கொடுப்பார், பிசியோதெரபிஸ்ட் அளவு சொன்னால் போதும். குழிக்குள் கால் எப்படித் திருகிக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதே மாதிரி, உட்கார வைத்து உருட்டிவிடும் வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். நுனிக்காலால் உந்தும் பழக்கத்தை அது இன்னும் கெட்டியாக்கும். கனடாவில் 2004 முதல் எல்லாக் குழந்தைகளுக்குமே அது தடை.

உயிருக்கே உலை வைப்பது சாப்பாடு ஊட்டும் முறை. கொஞ்சம் நின்று படியுங்கள். மடியில் மல்லாக்கப் போட்டு, தலையை அண்ணாந்து பிடித்து, பாலாடையிலோ சங்கிலோ கஞ்சியை ஊற்றுவது கைக்குழந்தையிலிருந்து வந்த பழக்கம். விழுங்கும் தசைகளைச் சரியாக ஆளமுடியாத பிள்ளைக்கு இப்படி ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். சில பிள்ளைகள் இருமும், கண் கலங்கும், குரல் கரகரக்கும். சில பிள்ளைகள் இருமவே இருமாது. சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குப் போகும். 'இவனுக்கு அடிக்கடி சளி' என்று மாதாமாதம் மருந்துக்கடைக்கு நடப்பார்கள். அது சளிக்காய்ச்சல் இல்லை, சாப்பாடு நுரையீரலில் சேர்ந்து சேர்ந்து வரும் நிமோனியா. கடும் பாதிப்புள்ள பிள்ளைகளை நாம் இழப்பதற்கு நுரையீரல் தொற்றுதான் பெரிய காரணம்.

ஆகவே நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். தலை முன்பக்கம் லேசாகக் குனிந்திருக்க வேண்டும், தாடை நெஞ்சை நோக்கி. நீங்கள் பிள்ளைக்கு எதிரே, அதன் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்துதான் பார்க்கும். சின்னக் கரண்டி, கொஞ்சமாக. விழுங்கியபின்தான் அடுத்தது. தண்ணீர் போல நீர்த்ததைவிடக் கெட்டியான கூழ்ப்பதம் பல பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். ஒரு வேளை ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது, எடையும் ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழாய் வழியாக உணவு தருவது பற்றிப் பேசினால் பயந்து எழுந்து வராதீர்கள்.

பணத்தைப் பிடுங்குகிறவர்களிடமும் உஷார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: சில ரத்த நோய்களுக்கும் அதுபோன்ற சிலவற்றுக்கும் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, வேறு எதற்கும் இதை வழக்கமான சிகிச்சையாகத் தரக் கூடாது, ஆராய்ச்சி என்றால் முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. நிலத்தை விற்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். அதே போல, யாரோ ஒருவர் சூரணம் கொடுத்தார் என்று இறுக்கம் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு பொத்துக்கொண்டு வரும்.

இப்போது பிறந்த குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. பிறந்த முதல் நாளே உடம்பு மஞ்சளானாலோ, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். கடும் மஞ்சள் மூளையில் இறங்கினால் கை கால் முறுக்கிக்கொள்ளும் வகை வாதம் வரும். நேரத்தில் நீல விளக்கில் வைத்தால் தடுத்துவிடலாம். நாலு ஐந்து மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, கை எப்போதும் முஷ்டி பிடித்தபடி கட்டைவிரல் உள்ளே மடங்கியே இருக்கிறது, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால், 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்' என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போவது? தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம், அங்கே டி.இ.ஐ.சி. என்பார்கள், எங்கே என்று கேளுங்கள். பள்ளிப் பருவப் பிள்ளை என்றால் சின்னமனூர் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் பாருங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து கற்றுத்தர ஏற்பாடு உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் உங்கள் தெருவுக்கு வரும்போது சர்க்கரை மாத்திரை வாங்குவதோடு நிறுத்தாமல், வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது, பிசியோ வேண்டும் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பழக்கி வீடு வீடாக அனுப்பி, சின்னக் குழந்தைகளுக்கு அம்மா கையாலேயே தெரபி செய்ய வைக்கிறது. பெரிய நகரம் இல்லாமல், நம்மைப் போன்ற வயல்காட்டு ஊர்களுக்கு நடுவிலேயே அது நடக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன். தேனி மாவட்டத்து ஊர்களிலும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

தெரபி என்றால் வாரம் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அரை மணி நேரம் காலை ஆட்டிவிட்டு வருவது என்று ஆகிவிட்டது. அது போதாது. ஒரு நாளைக்கு எப்படி உட்காருகிறான், எப்படிப் படுக்கிறான், எப்படிச் சாப்பிடுகிறான், எப்படித் தூக்குகிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி தெரபி இருக்கிறது. ஆகவே மையத்துக்குப் போகும்போது ஆத்தாவையும் அழைத்துப் போங்கள். பகலெல்லாம் பிள்ளை அவர் கையில்தான் இருக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியவர் அவர்தான்.

பேச வராத பிள்ளை இரவில் காரணமில்லாமல் அழுதால், உடம்பை வில்லாக வளைத்தால், சாப்பாட்டைத் தள்ளினால், வேப்பிலை அடிப்பதற்கு முன் வலி எங்கே என்று தேடுங்கள். இந்தப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு வலி இருக்கிறது. பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், இடுப்பு, முதுகு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். பேச வருகிற பிள்ளை என்றால் அவனிடமே கேளுங்கள், அவளிடமே கேளுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணின் உடம்பைப் பற்றி அவளை விட்டுவிட்டு அம்மாவும் டாக்டரும் மட்டும் பேசி முடிவெடுப்பது சரியில்லை.

ஊனமுற்றோருக்கான அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. என்பார்கள், இல்லையென்றால் உடனே எடுங்கள். 2016-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கோரலாம், தெரபிச் செலவும் அதில் சேரும். மூன்றுக்கும் வழி கேட்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் இடம்.

கடைசியாக 18 வயது. அந்தப் பிறந்தநாளோடு இரண்டு விஷயம் மாறுகிறது. குழந்தைகள் பிரிவில் இத்தனை வருடம் பார்த்த டாக்டர் இனி பெரியவர்கள் பிரிவுக்குப் போகச் சொல்வார். அங்கே இந்தப் பிள்ளையை யாருக்கும் தெரியாது. பள்ளி வழியாக வந்த பிசியோவும் நின்றுவிடும். இன்னொன்று, சட்டப்படி பிள்ளை மேஜர் ஆகிவிடுகிறது. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, பெற்றவர்களே ஆனாலும் சட்டப் பாதுகாவலர் என்று மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து ஆணை வாங்க வேண்டும். 1999-இன் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி இது. வங்கிக் கணக்கு, ஆபரேஷன் சம்மதம் எல்லாவற்றுக்கும் பிற்பாடு அந்த ஆணையைத்தான் கேட்பார்கள். ஆகவே 17 முடிவதற்குள், இதுவரை எடுத்த எல்லா இடுப்பு, முதுகுப் படங்கள், போட்ட ஊசி, செய்த ஆபரேஷன், இப்போதைய மாத்திரை, அதன் அளவு ஆகிய எல்லாம் அடங்கிய சுருக்கம் ஒன்றை டாக்டரிடம் எழுதி வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உங்கள் தம்பியிடமோ அண்ணன் மகளிடமோ கொடுத்து வையுங்கள். நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு நாளில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகப் போகிறவர் அவர்தான்.